கேட்பவருக்கு ஒரு கடன் உண்டு

இனவாதம் பற்றிய மக்கள் கலந்தாலோசனை: குழுக்களுக்கான ஆய்வுப் பாடம்

எமது கிராமங்களுக்குக் கேள்வியோடு வருபவர்கள் புதியவர்கள் அல்லர். ஆணைக்குழு வந்தது. செயலணி வந்தது. அரசசார்பற்ற நிறுவனங்கள் வந்தன. பாடசாலை மண்டபத்தில் கதிரைகள் போடப்பட்டன, மக்கள் பேசினார்கள், ஒருவர் எழுதிக்கொண்டார். பின்னர் வந்தவர்கள் போய்விட்டார்கள். "சொன்னோமே, என்ன நடந்தது?" என்ற கேள்வி மட்டும் கிராமத்தில் தங்கிவிட்டது.

இனவாதத்தை நாடளாவிய முறையில் எதிர்ப்பதற்கு மக்களின் கருத்தைக் கேட்பது அவசியம் என்று இன்று உலகமெங்கும் ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஆனால் கேட்பது எளிது. கேட்டதற்குப் பதில் சொல்வதே கடினம். ஒருவரிடம் அவருடைய காயத்தைக் காட்டும்படி கேட்டுவிட்டால், அக்கணமே நாம் அவருக்குக் கடன்பட்டவர்கள் ஆகிறோம். இந்தக் கடனைப் பற்றியதே இப்பாடம். கடனை எப்படித் திருப்பிக் கேட்பது, எமது சொந்தக் கிராமத்தில் நாமே எப்படிக் கேட்பது என்பனவற்றையும் இதில் ஆராய்வோம். மாதர் சங்கங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள், வாலிபர் குழுக்கள் என்பன இதனை இரண்டு அமர்வுகளில் படிக்கலாம்.

1. இனவாதம் எங்கே குடியிருக்கிறது?

தன் மொழியையும் பண்பாட்டையும் ஒருவர் நேசிப்பது இனப்பற்று. அது தவறாகாது. பிறப்பை வைத்து ஒரு மக்கட் கூட்டத்தாரைத் தாழ்ந்தவர் என்றோ, அந்நியர் என்றோ, ஆபத்தானவர் என்றோ முத்திரை குத்தி, அதன் பேரில் அவர்களுக்குரியதை மறுப்பது இனவாதம். இது மூன்று இடங்களில் குடியிருக்கிறது.

முதலாவது இடம் மனம். வேறு இனத்தவர் பற்றி வீட்டிலே சொல்லப்படும் பட்டப்பெயர்களும் கதைகளும் பிள்ளைகளின் மனத்தில் விதைக்கப்படுகின்றன.

இரண்டாவது இடம் தெரு. 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களை எமது மூத்தோர் அறிவர். 2014 ஜூனில் அளுத்கமவிலும், 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனவிலும், 2019 மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

மூன்றாவது இடம் சட்டப் புத்தகமும் அலுவலக மேசையும். இதுவே எளிதில் கண்ணுக்குத் தெரியாதது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் பல இலட்சம் பேரை நாடற்றவர் ஆக்கிற்று. அதற்காக எவரும் தெருவில் கல்லெறியவில்லை. பாராளுமன்றத்தில் கை உயர்த்தினார்கள், அவ்வளவுதான். 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டமும் அவ்வாறே வந்தது. சட்டம் திருத்தப்பட்ட பின்பும் மேசை திருந்துவதில்லை. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. அப்படியிருந்தும் தமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிட்டவர்கள் எத்தனை பேர்! அங்கே மேசைக்குப் பின்னால் இருப்பவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். அவர் எவரையும் வெறுக்காமலே அநீதி நடந்துவிடுகிறது. இதனை அமைப்புமுறை சார்ந்த இனவாதம் என்கிறார்கள்.

மனத்தில் உள்ளதைக் கல்வியாலும் தெருவில் நடப்பதைச் சட்டத்தாலும் ஓரளவு எதிர்க்கலாம். மேசையில் உள்ளதைக் கண்டுபிடிக்கவோ, மேசைக்கு முன்னால் நிற்பவரைத்தான் கேட்க வேண்டும். வரிசையில் நின்று திரும்பி வந்தவருக்குத் தெரிந்தது கொழும்பிலுள்ள நிபுணருக்குத் தெரியாது. மக்கள் கலந்தாலோசனை வேண்டும் என்பதற்கு இதுவே முதற் காரணம்.

2. கேளாமல் செய்த கணக்கு

கேளாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எமது நாட்டிலேயே பெரியதோர் உதாரணம் உண்டு. 1964 அக்டோபர் 30 ஆம் நாள் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 மலையக மக்களின் தலைவிதி அதிலே எழுதப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் தீர்மானிக்கப்படும் என்பது கணக்கு. அந்த மீதியும் 1974 இல் இரு நாடுகளுக்கும் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டது.

இக்கணக்கில் எண்ணப்பட்ட மக்களிடம் எவரும் கேட்கவில்லை. லயன் அறைகளில் ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு இந்தியா, இன்னொருவருக்கு இலங்கை என்றாயிற்று. பெற்றோரும் பிள்ளைகளும் கப்பல் ஏறும் துறையில் பிரிந்தனர். நாடற்ற நிலைக்கு முடிவு காணும் சட்டம் 2003 ஆம் ஆண்டில்தான், 35 ஆம் இலக்கச் சட்டமாக, நிறைவேறியது. அதாவது 55 ஆண்டுகள் கழித்து.

அண்மைக் காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. கொவிட் தொற்றில் இறந்தவர்களைப் புதைக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2020 இல் இலங்கையில் அவர்கள் அனைவரையும் எரிக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. முஸ்லிம் மக்களும், அடக்கம் செய்யும் வழக்கமுள்ள கிறிஸ்தவர்களும் கெஞ்சினார்கள். 2021 பெப்ரவரியில்தான் அவ்விதி நீக்கப்பட்டது. அதற்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை 2024 ஜூலையில் தீர்மானித்தது. மன்னிப்பு நல்லதே. ஆனால் சாம்பலாகிப்போன பிள்ளையின் உடலைப் பெற்றோரிடம் திருப்பிக் கொடுக்க எந்த மன்னிப்பாலும் முடியாது. முன்னரே செவிகொடுத்திருந்தால் பின்னர் மன்னிப்புக் கேட்க வேண்டியிராது.

3. உலக நாடுகள் ஒப்புக்கொண்டது என்ன?

எல்லாவித இனப்பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1982 ஆம் ஆண்டு இணைந்தது. 2001 ஆகஸ்ட் இறுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் ஐக்கிய நாடுகள் சபை இனவாதத்திற்கு எதிரான உலக மாநாட்டைக் கூட்டியது. ஒவ்வொரு நாடும் இனவாதத்தை எதிர்க்கத் தேசியச் செயற்றிட்டம் ஒன்றை வகுக்க வேண்டும், அதனைப் பொதுமக்கள் அமைப்புகளுடன் கலந்து பேசி வகுக்க வேண்டும் என்று அம்மாநாடு கேட்டுக்கொண்டது. அவ்வழியில் சில நாடுகள் நடந்தன. அவற்றுள் கனடாவின் அனுபவத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். எம்மவரில் பல குடும்பங்களுக்கு உறவினர் வாழும் நாடு அது என்பதால் இது எமக்கு வேற்றூர்க் கதை அன்று.

4. கனடாவின் அனுபவம்

2017 ஜனவரி 29 ஆம் நாள் கியூபெக் நகரப் பள்ளிவாசலில் தொழுகை முடிந்த வேளையில் ஒருவன் துப்பாக்கியுடன் புகுந்து ஆறு முஸ்லிம்களைக் கொன்றான். நாடு அதிர்ந்தது. பாராளுமன்றக் குழுவொன்று இனவாதத்தையும் மதப்பாகுபாட்டையும் ஆராய்ந்து 2018 இல் அறிக்கை தந்தது. அதே ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் மக்கள் கருத்தைக் கேட்பதற்குப் பணம் ஒதுக்கப்பட்டது. 2018 இலையுதிர் காலந்தொடங்கி 2019 வசந்தகாலம் வரை நாட்டின் பல பாகங்களில் 22 கூட்டங்கள் நடந்தன. இணையத்தின் மூலமும் கருத்துகள் பெறப்பட்டன.

இங்கே மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, கூட்டங்கள் அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே நடந்தன, ஊடகங்களுக்கு இடமில்லை. பாதிக்கப்பட்டோர் அச்சமின்றிப் பேச அது உதவும் என்றது அரசாங்கம். பொது விடயத்தை மூடிய கதவுக்குள் பேசுவதா என்று குறை கூறியவர்களும் இருந்தனர். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. அவமானப்பட்ட கதையைச் சொல்ல அமைதியான அறை வேண்டும். ஆனால் யாரை அழைப்பது என்பதை அதிகாரத்தில் இருப்பவரே தீர்மானித்தால், அவர் கேட்க விரும்பாத குரல் வெளியே நின்றுவிடும்.

இரண்டாவது, சொல் பற்றிய தகராறு. அமைப்புமுறை சார்ந்த இனவாதம் என்னும் சொல்லைப் பயன்படுத்துவதற்குப் பொறுப்பான அமைச்சர் தொடக்கத்தில் தயங்கினார். கூட்டங்களுக்கு வந்தவர்களோ தனிமனிதர் சிலரின் கெட்ட குணத்தைப் பற்றி மட்டும் பேச வரவில்லை. வேலைவாய்ப்பு, பொலிஸ், நீதிமன்றம் பற்றிப் பேச வந்தார்கள். 2019 ஜூனில் வெளியான தேசிய ஆவணத்தில் அச்சொல் விளக்கத்தோடு இடம்பெற்றது. கேட்கப்பட்டதால் கேட்டவரின் சொல்லே மாறியது. கலந்தாலோசனை உண்மையானதா, ஒப்புக்கு நடந்ததா என்று அறிய இஃது ஓர் உரைகல்.

மூன்றாவது, பதிலுடன் பணமும் வந்தது. அந்த ஆவணத்திற்கு 45 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. அரச திணைக்களங்கள் இதில் என்ன செய்கின்றன என்று பார்ப்பதற்கு ஒரு செயலகம் அமைக்கப்பட்டது. அதன் காலம் முடிந்தபின் 2024 இல் அடுத்த திட்டம் வெளியிடப்பட்டது. இதனால் கனடாவில் இனவாதம் ஒழிந்துவிட்டது என்பதல்ல பொருள். 2021 ஜூனில் ஒன்ராறியோவின் லண்டன் நகரில் மாலையில் நடந்து சென்ற ஒரு முஸ்லிம் குடும்பத்தினர் மீது வாகனத்தை ஏற்றி நால்வரை ஒருவன் கொன்றான். திட்டம் ஒன்று இருப்பதால் மட்டும் மனங்கள் மாறிவிடா. ஆனால் "எங்களிடம் கேட்டீர்களே, என்ன செய்தீர்கள்?" என்று கேட்பதற்கு அங்குள்ள மக்களின் கையில் ஓர் எழுத்து உண்டு.

5. எமது நாட்டில் கேட்டவர்கள்

எமது நாட்டிலும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. பத்து ஆண்டுகளுக்குள் மூன்று முறை பெரிய அளவில் கேட்டார்கள்.

2010 ஆம் ஆண்டு கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்திற்குமான ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 2011 டிசம்பரில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. போரின் இறுதிக்கட்டம் பற்றி அது கூறியவை பலருக்குத் திருப்தி தரவில்லை. ஆயினும் மொழி பற்றி அது கூறியவை மிகத் தெளிவானவை. அரச அலுவலகங்கள் எல்லாவற்றிலும் எந்நேரமும் தமிழ் பேசும் அலுவலர் இருக்க வேண்டும். பொலிஸ் நிலையங்களில் இரவு பகலாக இருமொழி தெரிந்தவர் இருக்க வேண்டும். முறைப்பாட்டாளரின் வாக்குமூலம் அவர் விரும்பும் மொழியில் எழுதப்பட வேண்டும். வாசகர்கள் தமக்கு அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தை நினைத்துப் பார்த்து, இவற்றுள் எவை நிறைவேறின என்று தாமே புள்ளியிடலாம்.

2016 இல் அரசியலமைப்பு மாற்றம் பற்றி மக்கள் கருத்தறியும் குழு லால் விஜேநாயக்காவின் தலைமையில் எல்லா மாவட்டங்களுக்கும் சென்றது. மே மாதத்தில் அறிக்கையும் தந்தது. அரசியலமைப்போ மாற்றப்படவில்லை.

அதே 2016 இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணி நியமிக்கப்பட்டது. மனோரி முத்தெட்டுவேகம தலைமையில் 11 பேர். இதன் சிறப்பு, கேட்கும் பொறுப்பைக் கொழும்பிலேயே வைத்துக்கொள்ளாதது. நாடெங்கும் 15 வலயச் செயலணிகள் அமைக்கப்பட்டன. அவற்றிலே அவ்வப் பகுதியைச் சேர்ந்தோர் பணியாற்றினர். மொத்தம் 7,306 கருத்துரைகள் கிடைத்தன. அவற்றுள் 4,872 பொதுக்கூட்டங்களிலும் 1,048 சிறு குழுக் கலந்துரையாடல்களிலும் சொல்லப்பட்டவை. எஞ்சிய 1,386 எழுத்தில் வந்தவை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், மலையகத்தார், படைவீரரின் குடும்பத்தினர், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் எல்லாரும் பேசினர். முன்னர் எத்தனையோ ஆணைக்குழுக்களுக்குச் சொல்லிக் களைத்துப்போனோம் என்று சொல்லிக்கொண்டே தாய்மார் மீண்டும் ஒருமுறை சொன்னார்கள்.

ஆனால் கடன் எப்படி அடைபட்டது? மக்களைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, ஆகஸ்ட் மாதத்தில், காணாமற் போனோர் பற்றிய அலுவலகத்திற்கான சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டுவிட்டது. கருத்துக் கேட்டு முடியுமுன் முடிவு வந்துவிட்டது. அறிக்கை 2017 ஜனவரி 3 ஆம் நாள் கையளிக்கப்பட்டபோது அதனைப் பெற்றுக்கொண்டவர் சனாதிபதியோ பிரதமரோ அல்லர். தேசிய ஒருமைப்பாட்டுக்கும் நல்லிணக்கத்திற்குமான அலுவலகத்தின் தலைவராயிருந்த சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க. அறிக்கையிலிருந்த ஒரு பரிந்துரை, அதாவது வெளிநாட்டு நீதிபதிகளும் அமரும் நீதிமன்றம் என்பது, பெரும் வாக்குவாதமாயிற்று. அந்த இரைச்சலில் காணியும் மொழியும் வாழ்வாதாரமும் பற்றி ஆயிரக்கணக்கானோர் சொன்னவை அமுங்கிப்போயின.

ஏழு வாரங்கள் கழிந்தன. 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பத்தினர் தெருவோரத்தில் அமர்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். கேட்கும் அறையிலே பதில் கிடைக்காதவர்கள் தெருவுக்கு வந்து கேட்டார்கள். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இவ்வனுபவத்திலிருந்து நாம் பெறும் பாடம் இதுதான். இலங்கையில் மக்களிடம் கேட்பதில் குறை உண்டு. அதைவிடப் பெரிய குறை கேட்டதற்குப் பதில் சொல்லாமை. பதிலில்லாத கேள்வி கேளாமையைவிட அதிகம் நோகச் செய்யும். அடுத்த முறை யாராவது உண்மையாகவே கேட்க வந்தாலும் கதவு திறக்காது.

6. எருசலேமில் எழுந்த முறுமுறுப்பு

அப்போஸ்தலருடைய நடபடிகள் ஆறாம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களைக் குழுவில் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். மொழியின் பேரால் ஒரு பகுதியினர் புறக்கணிக்கப்பட்ட முறைப்பாடு திருச்சபையின் தொடக்கத்திலேயே எழுந்தது என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அன்றாட உணவு பகிர்விலே கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள். உள்ளூர் மொழி பேசிய விதவைகளுக்குப் பங்கு கிடைத்தது. பகிர்ந்தவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்று வேதம் கூறவில்லை. மேசையிலே குறை இருந்தது. மேலே நாம் பார்த்த மூன்றாவது இடமும் இதுவே.

அப்போஸ்தலர் செய்தவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்போம். முறைப்பாடு செய்தவர்களைப் பிரிவினை உண்டாக்குபவர்கள் என்று அவர்கள் கண்டிக்கவில்லை. தாமே அறைக்குள் இருந்து தீர்மானிக்கவுமில்லை. சீஷர் எல்லாரையும் கூடிவரச் செய்தார்கள். பொறுப்பாளரைத் தெரிவுசெய்யும் உரிமையைச் சபைக்கே கொடுத்தார்கள். தெரிவு செய்யப்பட்ட எழுவரின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். நிக்கொலா அந்தியோகியாவிலிருந்து வந்தவர். பிறப்பால் யூதரும் அல்லர். குறை சொன்ன பக்கத்தாரின் கையிலேயே மேசை ஒப்படைக்கப்பட்டது என்று வேத அறிஞர் பலர் இதனை விளங்கிக்கொள்கின்றனர். கேட்டார்கள், கூட்டினார்கள், அதிகாரத்தைப் பகிர்ந்தார்கள். இம்மூன்றும் சேர்ந்ததே பதில்.

ஒரு குறையையும் கவனிக்க வேண்டும். விதவைகளின் முறைப்பாடே இதற்கெல்லாம் காரணம். ஆனால் அவர்கள் தங்கள் வாயால் பேசியதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. தெரிவு செய்யப்பட்டவர்களில் பெண் ஒருவரும் இல்லை. இன்று நாம் கூட்டும் கூட்டங்களில் இக்குறை நேராதபடி பார்த்துக்கொள்வது எமது பொறுப்பு.

7. எமது வாசற்படியில்

அரசாங்கத்திடம் கேட்கும் கேள்வியை எம்மிடமும் கேட்க வேண்டும். 1990 அக்டோபரில் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். பல ஊர்களில் சில நாட்கள், யாழ்ப்பாணத்தில் சில மணி நேரமே அவகாசம். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. அவர்கள் திரும்பி வந்தபோது காணிக்காகவும் வீட்டுக்காகவும் அலைந்தனர். அயலவராகிய நாம் அவர்களிடம் என்ன கேட்டோம்?

1958, 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் உண்டு. அவர்களுள் பலருக்கு இன்னும் காணி உறுதி இல்லை. தோட்டக்காட்டார் என்று அவர்களை ஒதுக்கியவர்கள் சிங்களவர் அல்லர். சாதி பார்த்துத் தண்ணீரும் இடமும் மறுத்த வரலாறும் எமக்கு உண்டு. எமது காயத்தை மட்டும் எண்ணிக்கொண்டு, நாம் உண்டாக்கிய காயத்தை மறைத்துக் கலந்தாலோசனைக்குப் போனால், எமது சொல்லுக்கு யார் மதிப்பளிப்பார்? தன் வீட்டிலே கேட்பவனுக்குத்தான் அயல் வீட்டில் கேட்கத் துணிவு வரும்.

8. கிராமத்தில் கேட்பது எப்படி?

அரசாங்கம் கூட்டும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கிராமமோ ஒரு தோட்டமோ தானே இதைச் செய்யலாம். அதற்கான படிகள் இவை.

(அ) கூட்டுமுன் சுற்றிப் பாருங்கள். உங்கள் பிரதேசத்தில் சிறு தொகையினராய் வாழ்பவர் யார்? அவர்களில் இருவராவது ஏற்பாட்டுக் குழுவில் இருக்கட்டும். வந்திருந்து கேட்பதற்கு மட்டும் அழைக்கப்படுபவர் விருந்தாளி. திட்டமிட அழைக்கப்படுபவரே பங்காளி.

(ஆ) இடமும் நேரமும் ஒரு சாராருக்கு உரியதாக இருக்கக் கூடாது. ஆலயமோ விகாரையோ பள்ளிவாசலோ சிலருக்குத் தயக்கம் தரலாம். பொதுக் கட்டடம் நல்லது. கொழுந்து பறிக்கும் பெண்களையும் கூலிவேலை செய்பவர்களையும் வேலை நாளில் காலையில் கூப்பிட்டுப் பயனில்லை.

(இ) பெண்களுக்குத் தனியாக ஓர் அமர்வு வையுங்கள். பெரிய சபையில் பேசாதவர்கள் ஐந்து பேர் கூடிய திண்ணையில் பேசுவார்கள். கனடாவின் மூடிய அறையிலிருந்த நன்மையை இவ்வாறு பெறலாம். ஆனால் கதவு எவருக்கும் அடைக்கப்படலாகாது.

(ஈ) ஒவ்வொருவரும் தம் மொழியிலே பேசட்டும். மொழிபெயர்ப்பவர் கூட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும், ஓரத்தில் அல்ல.

(உ) எழுதியதைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் விரும்பாவிட்டால் பெயரை நீக்குங்கள். பேசியதால் அவருக்கு ஆபத்து வருமா என்று முன்கூட்டியே சிந்தியுங்கள்.

(ஊ) மனக்குறையைக் கோரிக்கையாக மாற்றுங்கள். "எங்களை மதிக்கிறார்கள் இல்லை" என்பது உண்மையாயிருக்கலாம், ஆனால் அதற்கு எந்த அலுவலகமும் பதில் எழுதாது. "வைத்தியசாலையின் அறிவித்தற் பலகைகள் ஒரு மொழியில் மட்டும் உள்ளன, இரு மொழியிலும் எழுதப்பட வேண்டும்" என்றால் பதில் எழுதியே ஆக வேண்டும். எந்த அலுவலகம், எந்த நாள், என்ன நடந்தது, என்ன வேண்டும் என்ற நான்கும் ஒவ்வொரு கோரிக்கையிலும் இருக்கட்டும்.

(எ) கூட்டம் கலையுமுன் பதில் சொல்லும் நாளைக் குறியுங்கள். மூன்று மாதத்தின் பின் இதே இடத்தில் கூடி, எங்கே அனுப்பினோம், என்ன பதில் வந்தது, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டும். இப்படி முடிந்தால் மட்டுமே நீங்கள் முன்னர் வந்து போனவர்களிலிருந்து வேறுபட்டவர்கள்.

9. கடனைத் திருப்பிக் கேட்கும் வழிகள்

அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. அரசின் செயலால் அவ்வுரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்திற்கு மனுச் செய்யலாம். அதற்கு வசதியில்லாதோர் 1996 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைக்கப்பட்ட மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். மொழி பற்றிய குறைகளுக்கு 1991 ஆம் ஆண்டின் சட்டப்படி அரசகரும மொழிகள் ஆணைக்குழு உண்டு. சிங்களம் நிர்வாக மொழியாயுள்ள இடத்தில் வாழும் தமிழர் அரச அலுவலரோடு தமிழிலே தொடர்புகொண்டு பதில் பெறும் உரிமையுடையவர். தமிழ் நிர்வாக மொழியாயுள்ள இடத்தில் வாழும் சிங்களவருக்கும் தம் மொழியில் அதே உரிமை உண்டு. இரண்டையும் நாம் சேர்த்தே காக்க வேண்டும்.

இவற்றோடு புதிய கருவி ஒன்றும் வந்துள்ளது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பிரசையும் ஓர் அரச நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கென உள்ள அலுவலரிடமும், அதன்பின் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் போகலாம்.

இதனை எமது பாடத்தோடு இணைத்துப் பாருங்கள். உங்கள் சங்கம் அனுப்பிய கோரிக்கைக் கடிதம் எந்தக் கோவையில் இருக்கிறது, அதன் மேல் என்ன முடிவெடுக்கப்பட்டது என்று கேட்கலாம். உங்கள் பொலிஸ் நிலையத்தில் தமிழில் வாக்குமூலம் எழுதக்கூடியவர் எத்தனை பேர் என்று கேட்கலாம். 2011 இல் பரிந்துரைக்கப்பட்டது எமது ஊரில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அளந்து பார்க்கலாம். பெரிய அறிக்கைகள் கொழும்பில் உறங்கினாலும், ஒவ்வொரு பரிந்துரையும் ஏதோ ஓர் அலுவலகத்தின் மேசையில் நிறைவேற வேண்டியதே. அந்த மேசையைத் தேடிப்போய்க் கேட்பது கிராமத்தவரால் இயலும்.

10. குழுக் கலந்துரையாடலுக்கு

முதலாம் அமர்வு: 1 முதல் 5 வரையுள்ள பகுதிகள்.

1. மனம், தெரு, மேசை என்னும் மூன்று இடங்களில் உங்கள் பிரதேசத்தில் இனவாதம் எதில் அதிகம் காணப்படுகிறது? ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் தருக.

2. உங்கள் ஊருக்கு இதுவரை கேட்க வந்தவர்கள் யார்? பதிலோடு திரும்பி வந்தவர் எவரேனும் உண்டா?

3. அழைக்கப்பட்டோருக்கு மட்டும் நடக்கும் கூட்டம், எவரும் வரக்கூடிய கூட்டம் ஆகிய இரண்டிலும் உள்ள நன்மை தீமைகள் எவை?

இரண்டாம் அமர்வு: 6 முதல் 9 வரையுள்ள பகுதிகள்.

4. எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய ஒரு விதவை தானே எழுந்து பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? குழுவில் ஒரு பெண் அவர் இடத்தில் நின்று பேசட்டும்.

5. எமது சமூகத்தால் காயப்பட்ட அயலவர் யார்? அவர்களிடம் கேட்கச் செல்வதற்கு எமக்குத் தடையாயிருப்பது எது?

6. உங்கள் பிரதேசத்து அரச அலுவலகம் ஒன்றைத் தெரிவுசெய்து, தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரேயொரு கேள்வியை எழுதுங்கள். எழுதியவர் யார், கையளிப்பவர் யார், பதிலை வாசிக்கும் நாள் எது என்பவற்றைத் தீர்மானித்த பின்னரே அமர்வை முடியுங்கள்.